லான் சேனி: அரிதாரத்துக்கு அடியில் இருந்த நடிகர்

அமெரிக்க மௌனப்பட நடிகர் லான் சேனியைப் பற்றி மூன்று கேள்விகள் அடிக்கடி வருகின்றன. முகத்தில் பஞ்சும் புட்டி என்ற களிம்பும் ஒட்டிக்கொண்டு பயமுறுத்தியவரா, உண்மையிலேயே நல்ல நடிகரா? மேடையிலிருந்து வந்தவர் என்கிறார்களே, அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? இன்று பார்க்க அவர் படங்களில் எவை மிச்சம் இருக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது?

நடிகர்தான். அந்தக் காலத்தின் முதல் வரிசை நடிகர். மேக்கப் அவர் கடைசியாகப் பூசிக்கொண்ட அடுக்கு. அதற்குக் கீழே உடம்பும் கண்ணும் கையும் ஏற்கெனவே வேலையை முடித்திருக்கும். அந்த உடம்பு எங்கே பழகியது என்று பார்த்தால் மற்றக் கேள்விகளுக்கும் வழி திறக்கும்.

1883 ஏப்ரல் 1 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். அப்பா ஃபிராங்க் முடிதிருத்துபவர். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அந்த ஊரில் 1874-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியே அம்மாவின் பெற்றோர் நிறுவியதுதான். வீட்டில் பேச்சு என்றால் கையும் முகமும்தான். சேனி சின்னப் பையனாக இருக்கும்போதே அம்மா எம்மா கடுமையான வாத நோயில் படுத்த படுக்கையானார். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவைக் கவனித்துக்கொண்டார் பையன். அன்றன்றைக்குத் தெருவில் நடந்ததை அவருக்கு நடித்துக் காட்டுவது அவன் வேலை. யார் எப்படி நடந்தார்கள், யார் யாரை முறைத்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு சொல்கூட இல்லாமல் காட்ட வேண்டும். புரியவில்லை என்றால் அம்மாவின் முகத்திலேயே தெரிந்துவிடும். இதைவிடக் கறாரான நடிப்புப் பள்ளி இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

மேடைக்குள் அவர் நுழைந்தது பின்வாசல் வழியாக. ஊர் நாடகக் கொட்டகையில் சாமான் எடுத்துவைக்கும் பையனாகச் சேர்ந்தார். 1902 வாக்கில் நடிக்க ஆரம்பித்து, அடுத்த பத்து வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றும் இசை நகைச்சுவைக் கம்பெனிகளில் கழித்தார். பின்னாளில் பேய் முகங்களுக்குப் பேர் வாங்கிய மனிதர் அப்போது ஆடிப் பாடிச் சிரிக்கவைக்கும் ஆள் என்பது பலருக்கும் தெரியாது. நடனம் அமைப்பார், திரைச்சீலை இழுப்பார், காட்சிப் பொருள்களைப் பார்த்துக்கொள்வார், மேலாளர் இல்லாத நாளில் மேலாளராகவும் இருப்பார். சின்னக் கம்பெனிகளில் ஆள் குறைவு. ஒரே இரவில் கிழவன், வழக்கறிஞர், குடிகாரன் என்று மூன்று வேஷம் விழும். இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் ஒரு முகத்தை அழித்து இன்னொன்றைப் போட வேண்டும். அந்த வேகம்தான் பிறகு சினிமாவில் சோறு போட்டது.

அவர் மேடையை விட்டு வந்த காரணம் துயரமானது. முதல் மனைவி கிளீவா பாடகி. இருவருக்கும் 1906-இல் கிரெய்ட்டன் என்ற மகன் பிறந்தான். நாளடைவில் கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை. 1913 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸ் மெஜஸ்டிக் தியேட்டரில் சேனி வேலையில் இருந்தபோது, அங்கேயே கிளீவா விஷம் குடித்தார். பிழைத்துக்கொண்டார், பாட்டுக் குரல் போய்விட்டது. விவாகரத்து நடந்தது. செய்தி பரவியதில் நாடக உலகின் கதவுகளும் சாத்தப்பட்டன. அப்போது சினிமா, மேடைக்காரர்கள் மதிக்காத இடம். மதிக்காத இடத்தில் யாரும் பழையதைக் கிளறமாட்டார்கள். யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குப் போனார். 1915-இல் ஹேசல் ஹேஸ்டிங்ஸ் என்ற நாடகக் கம்பெனிப் பெண்ணை மணந்து மகனையும் தன்னிடம் கொண்டுவந்தார். அந்த வாழ்க்கை கடைசிவரை நிலைத்தது.

அந்த நாளில் ஸ்டுடியோக்களில் மேக்கப் துறை என்று ஒன்று கிடையாது. நடிகரே பெட்டி கொண்டுவந்து தன் முகத்தைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். துணை நடிகர்கள் காலையில் ஓர் இடத்தில் கூட்டமாகக் காத்திருப்பார்கள். உதவி இயக்குநர் வந்து, இன்றைக்கு மீசைக்காரக் கொள்ளைக்காரன் வேண்டும், மாலுமி வேண்டும் என்று கேட்பார். சேனி பெட்டியைத் திறந்து அந்த ஆளாகவே வந்து நிற்பார். 1913 முதல் 1917 வரை யுனிவர்சலில் நூறு படங்களுக்குக் கிட்டத்தட்ட இப்படி நடித்தார். 1915-இல் சில குறும்படங்களை இயக்கவும் செய்தார். பிறகு வாரம் 125 டாலர் கேட்டபோது, நீ 100-க்கு மேல் ஒருநாளும் பெறமாட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாறு வருடம் கழித்து அதே யுனிவர்சல் "தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்ரடாம்" படத்துக்கு அவருக்கு வாரம் 2,500 டாலர் கொடுத்தது.

நடுவில் திருப்பம் கொடுத்தது 1919-இல் வந்த "தி மிராக்கிள் மேன்". இதில் அவருக்கு "தவளை" என்று பட்டப்பெயர் கொண்ட மோசடிக்காரன் வேஷம். கை கால் முடங்கியவனாக நடித்து, அருள்வாக்குக் கிழவர் முன்னால் குணமானதுபோல் காட்டிக் காசு பார்க்கும் கும்பலில் ஒருவன். முழுப் படம் அழிந்துவிட்டது. அந்தக் காட்சி இருக்கும் சில நிமிடங்கள் மட்டும் தப்பின. அதை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். தரையில் இழுத்துக்கொண்டு வருகிறான். பிறகு ஒவ்வொரு மூட்டாக விடுபடுகிறது. ஒரேயடியாக எழுந்து நின்றிருந்தால் வித்தை காட்டியதுபோல் இருந்திருக்கும். இவர் வலியோடு, நம்பமுடியாமல், தன் காலைத் தானே முதல்முறை பார்ப்பதுபோல் எழுகிறார். பொய் சொல்கிறான் என்று தெரிந்திருந்தும் பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கும். முகத்தில் ஒட்டுவேலை எதுவும் இல்லை.

அடுத்த வருடம் "தி பெனால்ட்டி". இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் வெட்டப்பட்ட ரவுடித் தலைவன் பிளிஸார்ட். கால்களை முழங்காலில் பின்னுக்கு மடித்து, தொடையோடு சேர்த்து வாரால் இறுக்கி, முழங்கால்களைத் தோல் கிண்ணங்களுக்குள் நுழைத்துக்கொண்டார். உடம்பின் முழுப் பாரமும் முழங்கால் சில்லின் மேல். ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் ஒரே மூச்சில் பத்து, இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. கழற்றித் தேய்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பின்னால் மடங்கிய பாதங்கள் தெரியாமலிருக்க நீளமான, தொளதொளத்த கோட்டு. அதோடு ஏணி ஏறுகிறார், குதிக்கிறார், ஊன்றுகோலை இன்னொரு கால்போல் வீசி நடக்கிறார். இதைப் பலர் உடம்பை வருத்திக்கொண்ட சாதனையாக மட்டும் சொல்வார்கள். வலியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஆள் இருபது வருடமாக இப்படியே வாழ்ந்தவன் என்று நம்பவைக்கும் அலட்சியமான நடை. புதிதாக முடமானவன் தடுமாறுவான். பிளிஸார்ட் தடுமாறுவதில்லை.

இனி மேக்கப். அவருடைய பெட்டியில் இருந்தவை நாடகக்காரர்கள் எல்லாரிடமும் இருந்தவைதான். கிரீஸ் பெயின்ட் என்ற எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக் குச்சிகள், மூக்கின் வடிவை மாற்றும் புட்டிக் களிம்பு, தாடி மீசைக்கான கிரேப் பொய்முடி, அதை ஒட்ட ஸ்பிரிட் கம் என்ற பசை, கொலோடியன், பஞ்சு, பொய்ப்பல் செய்ய கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசின். இவற்றில் கொலோடியனைப் புரிந்துகொண்டால் பாதி ரகசியம் தெரிந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த திரவம் அது. பூசினால் ஈதர் பறந்து மெல்லிய தோல் படியும். இரண்டு வகை உண்டு. ஒன்று காயும்போது சுருங்கித் தோலையும் சேர்த்து இழுக்கும், அதனால் தழும்பு வரையலாம். இன்னொன்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், சுருங்காமல் வளைந்துகொடுக்கும். கன்ன எலும்பைத் தூக்கிக் காட்ட மெல்லிய பஞ்சு ஒரு அடுக்கு, கொலோடியன் ஒரு பூச்சு, காய்ந்ததும் மறுபடி பஞ்சு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டுக் கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், விளக்குச் சூட்டில் வியர்வை புகுந்து அப்படியே உரிந்துவரும். ஓரத்தைப் பிசிறு பிசிறாகப் பிய்த்துத் தோலோடு கரைக்காவிட்டால் பக்கவாட்டு வெளிச்சத்தில் கோடு விழும். தினமும் அதே இடத்தில் பூசிப் பிரித்தால் தோல் புண்ணாகும். இந்த வேலை "ஹன்ச்பேக்" படத்துக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

ஒட்டிய இடம் அசையாது என்பது இந்த வித்தையின் பெரிய சங்கடம். அசையாத முகத்தை வைத்துக்கொண்டு எப்படி நடிப்பது? சேனியின் முகங்களைக் கூர்ந்து பார்த்தால் கட்டுமானம் பெரும்பாலும் எலும்பு இருக்கும் இடத்தில், கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் இருக்கும். கண் ஓரமும் உதட்டு ஓரமும் முடிந்தவரை சொந்தத் தோலாகவே விடப்பட்டிருக்கும். உணர்ச்சி அந்த நாலு ஓரங்களில்தானே ஓடுகிறது.

பிலிமும் ஒரு காரணம். அந்நாளைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு உதடு கறுப்பாக விழும். லேசாகச் சிவந்த கன்னம் குழியாகத் தெரியும். நீலக் கண் வெளுத்துப்போகும். மேடைக்குப் போட்ட முகத்தோடு வந்து நின்ற பெரிய நாடக நடிகர்கள் திரையில் அலங்கோலமாகத் தெரிந்தது இதனால்தான். சேனி இதையே கருவியாக்கிக்கொண்டார். குழிய வேண்டிய இடத்தில் சிவப்பும் பழுப்பும், எழ வேண்டிய இடத்தில் வெளிர் நிறம். 1920-களின் நடுவில் எல்லா நிறத்தையும் பிடிக்கும் பான்குரோமாட்டிக் பிலிம் பரவியபோது இந்தக் கணக்கு முழுக்க மாறியது, அவரும் மாற்றிக்கொண்டார். மேக்கப் பற்றி என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் 1929 பதிப்பில் கட்டுரை எழுத அவரைக் கேட்டார்கள் என்றால் சும்மா இல்லை. அந்தப் பெட்டி இப்போது லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"ஹன்ச்பேக்" படத்தின் கூனன் குவாசிமோடோவாக நடிக்க அவர் கட்டிக்கொண்ட கூன் 70 பவுண்டு எடை என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். அது விளம்பரத் துறையின் கைவேலை. பிளாஸ்டரில் செய்த கூன் ஏறத்தாழ 20 பவுண்டு, அதாவது ஒன்பது கிலோ. அதைத் தாங்கும் வார்ப்பட்டை முதுகை நிமிரவிடாது. நாள் முழுக்கக் குனிந்தே நடிக்க அதுவே போதுமான தண்டனை. தேவாலய முகப்பில் சறுக்கி இறங்கும் ஆபத்தான காட்சிகளில் டூப் போட்டவர் ஜோ பொனோமோ.

1925-இல் வந்த "தி ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா" படத்தில் இசை நாடக அரங்கின் அடியில் முகமூடியோடு ஒளிந்து வாழும் கோர முகக்காரன் வேஷம். அந்த முகத்தைப் படம் வெளியாகும்வரை யாருக்கும் காட்டவில்லை. மூக்கு நுனியை மேலே தூக்கிக் காட்ட, மீன் தோல் பட்டையை ஸ்பிரிட் கம்மால் ஒட்டி இழுத்துக் கட்டினார் என்பது ஒரு தரப்பு. கம்பி வைத்தார், அது குத்தி ரத்தம் வந்தது என்று சொன்னவர் ஒளிப்பதிவாளர் சார்லஸ் வான் எங்கர். எதுவானாலும் பார்க்கவேண்டியது கைகளை. நிழலில் ஒளிந்திருக்கும்போது நீண்ட விரல்கள் மட்டும் தனியாக ஏதோ யோசிப்பதுபோல் அசையும். முகமூடி பிடுங்கப்படும் காட்சியில் அவர் நம்மை நோக்கி உட்கார்ந்திருக்கிறார், அவன் காதலிக்கும் பாடகி கிறிஸ்டீன் பின்னால் நிற்கிறாள். அதனால் அந்த முகத்தை அவளுக்கு முன் நாம் பார்த்துவிடுகிறோம். அதிர்ச்சி இரண்டு முறை நடக்கிறது.

எம்.ஜி.எம். நிறுவனம் உருவானதும் முதலில் தயாரித்த படமான "ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்" (1924) சேனி நடித்தது. இயக்குநர் ஸ்வீடன்காரர் விக்டர் ஸ்ஜோஸ்ட்ரோம். அடுத்த வருடங்களில் இயக்குநர் டாட் பிரௌனிங்கோடு மறுபடி சேர்ந்தார். இருவரும் மொத்தம் பத்துப் படங்கள் செய்தார்கள். அவற்றில் உச்சம் 1927-இன் "தி அன்னோன்". சர்க்கஸில் கால்களால் கத்தி எறியும் கையில்லாதவன் அலோன்ஸோ. உண்மையில் கை இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து மார்க்கச்சைக்குள் கட்டி மறைத்திருக்கிறான். அவன் காதலிக்கும் நானோனுக்கு (இளம் ஜோன் கிராஃபோர்ட்) ஆண்களின் கை என்றாலே அருவருப்பு. அவளுக்காகத் தன் இரண்டு கைகளையும் நிஜமாகவே வெட்டிக்கொண்டு வருகிறான். வந்து பார்த்தால் அவளுடைய பயம் போய்விட்டது, இன்னொருவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கால்களால் கத்தியும் சிகரெட்டும் எடுப்பவை பால் டெஸ்மியூக் என்ற, பிறவியிலேயே கையில்லாத கலைஞரின் கால்கள். சேனியின் மேலுடம்பும் அவருடைய காலும் ஒரே சட்டகத்துக்குள் பொருந்தும்படி உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். கைக்கட்டு அவிழ்ந்திருக்கும் நேரத்திலும் யோசனையில் ஆழ்ந்த அலோன்ஸோ காலாலேயே சிகரெட் பற்றவைக்கும் இடம் ஒன்று வரும். கூட இருப்பவன் சிரித்துச் சுட்டிக்காட்டிய பிறகுதான் தனக்குக் கை இருப்பதே அவன் நினைவுக்கு வருகிறது. விபரீதமான எண்ணம் அந்த நொடியில் பிறப்பதைக் கண்ணில் பார்க்கலாம். கடைசியில் நானோன் உண்மையைச் சொல்லும்போது முதலில் சிரிக்கிறான். சிரிப்பு நிற்காமல் நீள்கிறது, வாய் சிரித்த நிலையிலேயே கண் மட்டும் செத்துப்போகிறது. முகத்தில் புட்டி இல்லை, பஞ்சு இல்லை. கைகளால் பேசி வளர்ந்த மனிதர் கை இல்லாமல் நடித்த காட்சி இது. அவர் யார் என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

மேக்கப் இல்லாத சேனியை "டெல் இட் டு தி மரீன்ஸ்" (1926) படத்தில் பார்க்கலாம். அமெரிக்காவின் மரீன் படையில் கண்டிப்பான சார்ஜென்ட். எம்.ஜி.எம்.மில் அவருக்கு மிகப் பெரிய வசூல் படமும் இதுதான். மரீன் படை அவரைக் கௌரவ உறுப்பினராக்கிக்கொண்டது. மறுபக்கம், "மிஸ்டர் வூ" போன்ற படங்களில் அவர் போட்ட சீனர் வேஷங்கள் இன்று நெருடுகின்றன. கைவேலை எவ்வளவு நுணுக்கமானாலும், சீன நடிகருக்குப் போகவேண்டிய வேஷம் அது.

பேசும்படம் வந்தபோது அவர் தயங்கினார். எம்.ஜி.எம்.மின் பெரிய நட்சத்திரங்களில் நடிகை கிரேட்டா கார்போவும் இவரும்தான் கடைசியாக வாய் திறந்தவர்கள். 1929-இல் "தண்டர்" படப்பிடிப்புக்காக விஸ்கான்சின் குளிரில் வேலை செய்தபோது நிமோனியா வந்தது, உடம்பு பிறகு தேறவேயில்லை. 1930-இல் அவருடைய பழைய வெற்றியான "தி அன்ஹோலி த்ரீ" கதையையே பேசும்படமாக எடுத்தார்கள். அதில் குரல் வித்தைக்காரனாக, கிழவியாக, பொம்மையாக, கிளியாக, இளம்பெண்ணாக ஐந்து குரலில் பேசினார். எல்லாம் என் குரலே என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். தேர்ந்த பேச்சு நடிகர் ஆகியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படம் வெளியான சில வாரங்களில், ஆகஸ்ட் 26 அன்று, நுரையீரல் குழாய்ப் புற்றுநோயில் தொண்டையில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 47. "தண்டர்" படப்பிடிப்பில் தொண்டையில் மாட்டிய செயற்கைப் பனித்துகள்தான் காரணம் என்ற கதையைப் பெரிதாக எடுக்கவேண்டாம், அவர் விடாமல் புகைத்தவர். கடைசி நாட்களில் குரல் போனபோது, அம்மா அப்பாவிடம் பேசிய அதே சைகைகளில்தான் பேசினார்.

மகன் கிரெய்ட்டனை அவர் நடிக்கவிட்டதில்லை. அவர் இறந்த பிறகுதான் மகன் சினிமாவுக்கு வந்தார், 1935 முதல் லான் சேனி ஜூனியர் என்ற பெயரில். "தி வுல்ஃப் மேன்" அவர் நடித்தது. தேடும்போது இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படங்கள் 150-க்கு மேல், பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அந்நாளில் படம் எடுத்த நைட்ரேட் பிலிம் தானாகவே பொடிந்துபோகும், தீப்பிடித்தால் அணைக்கவும் முடியாது. "லண்டன் ஆஃப்டர் மிட்நைட்" படத்தின் கடைசிப் பிரதி 1965-இல் எம்.ஜி.எம். கிடங்குத் தீயில் போனது. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது புகைப்படங்களை அடுக்கிச் செய்த மீட்டுருவாக்கம் மட்டுமே.

பார்க்கத் தொடங்குவதானால் "தி அன்னோன்" முதலில். ஒரு மணி நேரத்துப் படம்தான். செக் நாட்டுப் பிரதியிலிருந்து விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 2022-இல் முடித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள், பழைய பிரதிகளைவிடப் பத்து நிமிடம் அதிகம். அடுத்து "தி பெனால்ட்டி", பிறகு "ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்". "ஃபேன்டம்" நாலாவதாக இருக்கட்டும். முதலில் அதைப் பார்த்தால் முகம் மட்டும்தான் மனதில் நிற்கும். அந்தப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தெளிவாகக் கிடைப்பது 1929 மறுவெளியீட்டுக்காக வெட்டித் தொகுத்தது. 1925-இன் மூல வடிவம் வீட்டில் ஓட்ட விற்ற 16 மி.மீ. பிரதிகளில் மட்டும் தப்பியதால் மங்கலாக இருக்கும். சேனியை ரசிக்க 1929 பிரதியே போதும்.

ஓட்ட வேகத்தையும் கவனியுங்கள். அந்தக் கேமராக்களைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு 16 முதல் 22 சட்டகம்வரை (தனித்தனிப் படங்கள்) மாறும். அதை அப்படியே நொடிக்கு 24 சட்டகத்தில் ஓட்டும் இலவசப் பிரதிகளில் எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். ஆட்கள் கோமாளிபோல் ஓடினால் படத்தை நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடுங்கள், இல்லாவிட்டால் பிளேயரில் வேகத்தை 0.85, 0.75 என்று குறைத்துப் பாருங்கள். கண் இமைப்பது இயல்பாகத் தெரியும் இடத்தில் விட்டுவிடலாம்.